நாவும் கண்ணும்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்புகின்ற கொடுமுடியில், ஆடிப்பெருக்கின் கூட்டம் கலைந்த மறுநாள் மாலை, ஆற்றங்கரையின் மேற்படியில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற முதியவர். தேவாரத்தைத் தமிழ்ச்செல்வமாகவும் வேதாகமத்தை உயிராகவும் போற்றிய கிறிஸ்தவர். மற்றவன், இளமையில் அவரிடம் பாடம் கேட்டு, இப்பொழுது கரூரில் ஆசிரியனாகப் பணி செய்கிறவன். அவ்விருவருக்குமிடையே நிகழ்ந்த சம்பாஷணை வருமாறு:

சீடன்: ஐயா, நான் சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் சென்றேன். ஆராதனை முறைமை முழுவதும் எனக்கு மனப்பாடம். லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன். திருவிருந்தில் பங்கு கொண்டேன். ஆயினும், எவரைக் குறித்து இத்தனையும் செய்கிறோமோ, அவரை ஒரு கணமேனும் உள்ளத்தில் கண்டேன் என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆதலால் இந்தப் புற ஆசாரங்களை அறவே நீத்து, தனிமையில் மௌன தியானம் செய்வதொன்றே தக்கது என்று கருதுகிறேன். தங்கள் அபிப்பிராயம் என்னவோ?

குரு: எதை விடப் போகிறாய் என்பதைத் தெளிவாகச் சொன்னாய், தம்பி, எதைக் காணப் போகிறாய் என்பதைச் சொல்லவில்லையே. கடவுளைக் காண்பது என்று நீ எதை எண்ணிக்கொண்டிருக்கிறாய்?

சீடன்: சாது சுந்தர் சிங் கண்டது போன்ற காட்சியை எண்ணியிருக்கிறேன். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, வேதப்புத்தகத்தைத் தீயிலிட்ட அந்தச் சிறுவருக்கு, 1904ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விடியற்காலையில் கிறிஸ்து தரிசனமானார் அல்லவா? பின்னர் அவர் காவியுடுத்தி, எந்த ஒரு திருச்சபைக்கும் தம்மை உட்படுத்திக்கொள்ளாமல் தேசமெங்கும் நடந்தார். அத்தகையவருக்கு ஆலயமும் மணியோசையும் எதற்கு?

குரு: அந்தச் சாதுவை அருகிருந்து ஆராய்ந்தவர் ஒருவர் நம் கொங்கு நாட்டோடு தொடர்புடையவர் என்பதை நீ நினைவிற் கொள்ளவேண்டும். 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, 1950 முதல் 1959 வரையில் கோயமுத்தூரில் தென்னிந்தியத் திருச்சபையின் அத்தியட்சராக விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி, ஸ்ட்ரீட்டர் என்னும் அறிஞரோடு சேர்ந்து, சாதுவைப் பற்றிய நூலை 1921இல் வெளியிட்டார். சாதுவின் பரவச நிலைகளை அவர் வாய்மொழியாகவே கேட்டறிந்தவர் அப்பாசாமி. யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவரும் அவரே. அனுபவத்தை இவ்வளவு உயர்வாக மதித்த அப்பெரியார், 1971இல் கிறிஸ்தவப் பிரமாணங்களைப் பற்றி எழுதியபோது, சுருதி, யுக்தி, அனுபவம் ஆகிய மூன்றோடு நில்லாமல், சபையையும் ஒரு பிரமாணமாக வைத்தார். எதனால் என்று யோசித்ததுண்டா?

சீடன்: அத்தியட்சராக இருந்தவர் சபையை விட்டுக் கொடுப்பாரா, ஐயா?

குரு: உன் கேலியில் சிறிது நியாயமும் இருக்கலாம், ஆனால் காரணம் அதனினும் ஆழமானது. தியானத்தில் அமர்ந்திருக்கும் ஒருவனுடைய உள்ளத்தில் ஆனந்தம் பொங்குகிறது என்று வைத்துக்கொள். அது தேவ கிருபையால் விளைந்ததா, அதிகாலையின் குளிர்ச்சியாலும் நல்ல சங்கீதத்தாலும் விளைந்ததா, தன்னைப் பக்தன் என்று தானே எண்ணி மகிழும் அகங்காரத்தால் விளைந்ததா என்பதை அந்த ஆனந்தமே எடுத்துரைக்காது. அதைச் சோதிப்பதற்குத் தனக்குப் புறம்பான சாட்சி ஒன்று வேண்டும். சுருதி ஒரு சாட்சி. யுக்தி ஒரு சாட்சி. ஆயின் இவ்விரண்டையும் நம் மனத்துக்கு இசைந்தபடி வளைத்துக்கொள்ள நமக்குத் தெரியும். நம் விருப்பத்துக்கு வளையாத சாட்சி, நாம் தேர்ந்தெடுக்காமலே நம் பக்கத்தில் வந்து உட்காரும் மனிதன்தான். அப்படிப்பட்டவர்கள் கூடிய கூட்டத்தையே நான் சபை என்று கொள்கிறேன்.

சீடன்: அப்படியானால் வடக்கன்குளத்தை நினைவூட்ட அனுமதியுங்கள். திருநெல்வேலிச் சீமையின் அவ்வூரில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரு கால்களாகப் பிரிந்து செல்லும் ஆலயம் எழுப்பி, ஒரு ஜாதியார் மற்றொரு ஜாதியாரின் முகத்தைக் காணாதபடி நடுவே சுவர் வைத்து, ஒரே பூசையை இரு புறத்திலும் நின்று கண்டார்கள். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரையில் வழக்காடினார்கள். சபை இப்படிக் குருடாயிருக்கும்போது, அது என் பார்வைக்குப் பிரமாணமாவது எங்ஙனம்?

குரு: நல்ல உதாரணம், அதிலிருந்து ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன். ஆயினும் அதையே இன்னும் சற்று நிதானித்துப் பார்ப்போம். அந்தச் சுவரின் இரு புறத்திலும் நின்றவர்களில், உண்மையான கண்ணீரோடு ஜெபித்தவர்கள் ஒருவருமே இல்லை என்று நீ நினைக்கிறாயா? திருப்பாடுகளைத் தியானித்து நெஞ்சுருகியவர்கள் இருந்திருப்பார்கள். உன்னிலும் என்னிலும் மிகுதியாக உபவாசித்தவர்களும் இருந்திருப்பார்கள். எனவே, சடங்கு பிழையின்றி நடந்தமையால் கண் திறக்கவில்லை என்பது எவ்வளவு உண்மையோ, உள்ளம் உருகியமையாலும் கண் திறக்கவில்லை என்பது அவ்வளவு உண்மை. நீ புற ஆசாரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய். உள்ளுணர்ச்சியும் அதே கூண்டில் நிற்கவேண்டியதே.

சீடன்: சடங்கும் கண்ணன்று, உணர்ச்சியும் கண்ணன்று என்றால், ஞானக்கண் என்பதுதான் எது?

குரு: கண்ட சகோதரனிடத்தில் அன்பு கூராதவன், காணாத தேவனிடத்தில் அன்பு கூர்வது எப்படி என்று யோவான் தம் நிருபத்தில் வினவுகிறார். அதை நாம் நீதிபோதனையாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். என் சிற்றறிவுக்கு எட்டியவரையில், அது காட்சியைப் பற்றிய தத்துவமேயாகும். சுவருக்கு அப்பால் நிற்பவனை மனிதனாகக் காணும் திறனும் கடவுளைக் காணும் திறனும் இருவேறு திறன்கள் அல்ல. முன்னது குருடாயிருக்கையில் பின்னது மட்டும் ஒளிபெற்று விளங்குவதில்லை. ஆதலால் தியானத்தில் தனக்கு என்ன தோன்றிற்று என்று ஆராய்வதைக் காட்டிலும், தியானத்திலிருந்து எழுந்தபின் யார் தன் கண்ணுக்குத் தென்படுகிறார்கள் என்று ஆராய்வதே சாதகனுக்கு உரிய சோதனை.

சீடன்: நன்று. ஆனால் அன்பே கண் என்றால், அன்பு செய்தால் போதுமே! ஞாயிறுதோறும் ஒரே ஜெபத்தை ஒரே ராகத்தில் ஒப்புவிப்பது எதற்கு? இந்த ஜனங்கள் உதட்டினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாயிருக்கிறது என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வாயிலாகக் கர்த்தரே முறையிட்டிருக்கிறாரே!

குரு: இந்தக் கேள்வியை இவ்விடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாயே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. நமக்குப் பின்னால் நிற்கும் மகுடேசுவரர் கோயிலுக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தபோது பாடிய பதிகத்தை உனக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தேன். அதில் அவர் என்ன சொல்கிறார்? தாம் இறைவனை மறந்தாலும் தம் நாவானது ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்கிறார். மனம் மறந்தபோதும் நா மறக்காத நிலையைப் பக்தியின் வீழ்ச்சியாக அவர் கருதவில்லை. பக்தியின் முதிர்ச்சியாகவே கருதினார். ஏசாயா கண்டித்த உதடும், சுந்தரர் கொண்டாடிய நாவும், வெளியே நின்று கேட்பவனுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும்; ஏனெனில் இரண்டிலும் மனம் அவ்வேளையில் அங்கே இல்லை.

சீடன்: பின் எவ்வாறு வேறுபடுத்தி அறிவது?

குரு: ஏசாயா கண்ட உதடு, இருதயத்தின் அநீதியை மறைப்பதற்காக அசைந்தது, விதவையின் வழக்கைத் தள்ளிவிட்டு வந்து பலி செலுத்தியவர்களின் உதடு அது. சுந்தரரின் நாவோ, நெடுங்காலம் அன்பினால் பழக்கப்பட்டது. மனம் சோர்ந்த வேளையிலும், மனத்துக்குப் பதிலாக நின்று காவல் காக்கிறது. அன்பு எந்நாளும் ஒரே பெருக்காக ஓடும் என்று நம்புகிறவன், அன்பு செய்து பார்க்காதவன். அது வற்றும், வற்றிய நாட்களில் உன்னை உன்னிடமிருந்து காப்பதற்கு ஒரு முறைமை வேண்டும். பங்குனி உத்திரத்துக்காக இந்தப் படித்துறையில் தீர்த்தம் முகந்து, காவடி சுமந்து, பழநிக்குக் கால்நடையாகப் போகும் கொங்கு நாட்டுக் குடியானவர்களைப் பார்த்திருக்கிறாய். வழிநெடுக ஒவ்வோர் அடியிலும் அவர்கள் மனம் முருகனிடத்திலேயே நிலைத்திருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனம் வேறெங்கோ திரியும் வேளையிலும் கால் தன் வழியை விடுவதில்லை. நம் ஆராதனை முறைமையையும் அவ்வாறே கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சீடன்: ஆயினும், ஐயா, இதே காவிரியின் கரையில், குளித்தலைக்கு அருகிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில், அந்த முறைமையையெல்லாம் கடந்து சென்றவர்கள் இருக்கிறார்களே!

குரு: சச்சிதானந்த ஆசிரமத்தைச் சொல்கிறாய். பிரான்ஸிலிருந்து வந்த மோன்ஷனேன், லெ ஸோ என்னும் குருமார் இருவர் 1950இல் அதை நிறுவினார்கள். அபிஷிக்தானந்தர் என்று பின்னர் அழைக்கப்பட்ட லெ ஸோ, 1949இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்தது முதல், அத்வைத அனுபவத்துக்கும் தம் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் இடையே அகத்தில் பெரும் போராட்டத்தை நடத்தினார். அப்போராட்டத்தை எளிதில் முடித்துக்கொள்ளாமல் 1973இல் மறையும் வரையில் தாங்கியதே அவருடைய மேன்மை. ஆனால் ஒன்று கவனி: அவர் பெனடிக்ட் சபைத் துறவியாகவே இருந்தார், கங்கையின் பிறப்பிடத்தை நோக்கி யாத்திரை போனபோதும், அங்கே திருப்பலி நிறைவேற்றினார். தியானத்தின் மௌனத்தை அத்தனை ஆழமாக அறிந்தவர் அப்பத்தையும் ரசத்தையும் கைவிடவில்லை.

சீடன்: அப்பாசாமி அவர்களும் இவரும் ஒரே கருத்துடையவர்கள்தாமா?

குரு: அல்லர், அதை மறைக்கக்கூடாது. நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம் என்ற இயேசுவின் வாக்கை, சொரூபத்தில் இரண்டறக் கலந்த ஐக்கியமாகக் கொள்ளாமல், அன்பிலும் சித்தத்திலும் செயலிலும் உள்ள ஐக்கியமாக அப்பாசாமி கொண்டார். ஆகவே ராமாநுஜரின் நெறி அவருக்கு உவப்பாயிருந்தது. அபிஷிக்தானந்தரோ இரண்டென்று எண்ணுவதற்கே இடமில்லாத ஆழத்தை நாடினார். இவ்விரு பெரியோருக்குமிடையே தீர்ப்புக் கூற நான் தகுதியுடையவன் அல்லன். ஆயினும் எனக்கு நெருக்கமானது அப்பாசாமியின் வழி. ஏனெனில், சித்தம் ஒன்றுபடுதலே ஐக்கியம் என்றால், அது நிகழ்ந்ததா இல்லையா என்பதை நாளைக் காலையில் என் நடத்தையிலேயே பார்த்துவிடலாம்.

சீடன்: கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியோடும் உண்மையோடும் பிதாவைத் தொழுங்காலம் வருகிறதென்று சமாரியா ஸ்திரீயிடம் இயேசுவே சொன்னாரே. மலையையும் ஆலயத்தையும் அவரே தள்ளிவிட்ட பிறகு, நாம் ஏன் அவற்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

குரு: அந்த வசனத்தை எல்லாரும் அறிவர், அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர் சிலரே. எருசலேமா கெரிசீம் மலையா என்ற வழக்கு, யூதருக்கும் சமாரியருக்கும் பல தலைமுறைகளாக நடந்த வழக்கு. அவர்கள் ஒரே பாத்திரத்தில் புழங்கமாட்டார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் நீர் வாங்கி அருந்தமாட்டார்கள். அப்படிப்பட்ட நிலையில், நடுப்பகலில் யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்திருந்த இயேசு, உண்மையான தொழுகையைப் பற்றிய அந்த உபதேசத்துக்கு முன்பாகச் செய்தது என்ன?

சீடன்: அவளிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்.

குரு: ஆம், கேட்டார். கொடுக்கவில்லை, கேட்டார். மேலிருந்து தானம் செய்பவன் தன் ஆசாரத்தை இழப்பதில்லை. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவரின் பாத்திரத்திலிருந்து வாங்கிக் குடிப்பவனே அதை இழக்கிறான். புற ஆசாரத்தைக் கடப்பது என்பதற்கு ஆண்டவர் காட்டிய முன்மாதிரி அது. நீயோ ஜெபப்புத்தகத்தை மூடிவைப்பதையே கடப்பது என்று எண்ணிவிட்டாய். இப்பொழுது நான் உன்னை ஒன்று கேட்கிறேன். உன் ஊர்ச் சபையில், சேரியிலிருந்து வந்து பின்வரிசையில் உட்காரும் முதியவர் ஒருவரைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறாய். அவர் வீட்டில் ஒருநாளாவது தண்ணீர் வாங்கிக் குடித்ததுண்டா?

சீடன்: இல்லை, ஐயா. அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், புறவாசலில் நிற்பார், அம்மா அவருக்கென்று வைத்திருக்கும் தம்ளரில் காப்பி கொடுப்பார்கள். அதில் ஒன்றும் பிழையிருப்பதாக எனக்கு இதுவரை தோன்றவில்லை.

குரு: தோன்றாமலிருந்ததே நீ கேட்டுவந்த கேள்விக்கு விடை. இத்தனை ஆண்டுகளாகக் கடவுளைக் காண முடியவில்லை என்று வருந்தினாய். இத்தனை ஆண்டுகளாக அந்தத் தம்ளரும் உன் கண்ணில் படவில்லை. வடக்கன்குளத்துச் சுவர் கல்லினால் ஆனது; அதை இடிப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். உன் வீட்டுச் சுவரை நீதான் இடிக்கவேண்டும்.

சீடன்: நான் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்.

குரு: காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்திலே சொல்லியிருக்கிறது. பின்பு திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அந்தப் பிற்பகுதியை உன்னைப் போன்ற ஞானத் தேட்டமுடையவர்கள் மறந்துவிடுகிறார்கள். வருகிற சனிக்கிழமை அந்த முதியவரின் வீட்டுக்குப் போ. வேட்டி, பழம் என்று எதையும் எடுத்துக்கொண்டு போகாதே. எடுத்துப் போனால் மறுபடியும் நீ எஜமானாகவும் அவர் புறவாசலில் நிற்பவராகவும் ஆகிவிடுவீர்கள். தாகமாயிருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டுக் குடி. மறுநாள் ஆலயத்தில் உன் வழக்கமான இடத்தை விட்டு, அவர் அருகில் உட்கார்ந்து, உனக்கு மனப்பாடமான அந்த ஜெபங்களை அவரோடு சேர்ந்து சொல். ஒரு வாரம் அல்ல, ஓர் ஆண்டு. உன் வீட்டார் முணுமுணுப்பார்கள். உனக்கும் முதலில் வெட்கமாயிருக்கும். பரவசம் ஒன்றும் வராது.

சீடன்: அவ்வளவும் செய்த பின்னும் ஆராதனை எனக்கு வெறுமையாகவே தோன்றினால்?

குரு: அப்பொழுது என்னிடம் மறுபடியும் வா. சபையை விட்டுவிடலாமா என்று கேட்கும் உரிமை உனக்கு அன்றைக்கு இருக்கும். நானும் உன் கேள்விக்கு இன்றைக்குச் சொன்னதைக் காட்டிலும் அஞ்சிப் பதில் சொல்வேன்.