தவளையான உழவர்

தாகத்தால் தவித்த தெய்வத்தாய் லற்றோனாவுக்குக் குளத்து நீரை மறுத்த உழவர்கள் தவளைகளாயினர் என்பது பழங்கதை. நீர் யாவர்க்கும் பொது என்பதே அவளது வழக்கு. அவள் மகனாகிய சூரியதேவன் அப்பொலோவைத் தன் சின்னமாகக் கொண்ட பதினான்காம் லூயி மன்னன், 1668–1670இல் மார்சி சகோதரரைக் கொண்டு இக்கதையைப் பிரான்சின் வெர்சாய்ப் பூங்காவிலே நீரூற்றுச் சிற்பமாக்கினான்.

அப்பூங்காவின் ஊற்றுகளுக்காக யூர் நதியைத் திருப்பவென்று 1685 முதல் பல்லாயிரம் போர்வீரர் மண் சுமந்தனர். நோயுற்றுப் பலர் மாண்டனர். 1688இல் போர் மூண்டது, வேலை நின்றது, நதி வந்து சேரவேயில்லை.

பொதுநீரை மறுப்பது குற்றமெனின், ஒருவனது கேளிக்கைக்காக அதனைக் கவர முனைவது குற்றமாகாதோ? உழவனுக்கு விதித்த நீதி மன்னனுக்கும் உரியதன்றோ? சிற்பத்தின் அழகைப் போற்றுவோம். அது கூறும் நீதியை, அதனைச் செய்வித்தவன்மீதும் செலுத்தி நோக்குவோம்.