மலையாளி என்னும் பெயர்

ஏற்காட்டு மலையின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் உள்ளது சேர்வராயன் கோயில். கோபுரமில்லை, குறுகிய இருண்ட குகையே கோயில். மே மாதத் திருவிழாவிற்கு அங்குத் திரளும் மலைமக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. ஆயினும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவர்களைக் கேரளத்தார் எனக் கொள்வார் உளர். ஒரு கூட்டுச் சொல்லைப் பிரித்து, அதனைத் தாங்கிய மனிதரை இன்னாரென முடிவு கட்டுவது முறையாகுமா? இதுவே ஈண்டு நம் வினா.

பிரிப்பது எளிது: மலை, ஆளி, இடையில் யகர உடம்படுமெய். ஆளி என்றால் ஆள்பவன் என்பர் சிலர். அங்ஙனமாயின் நோயாளி நோயை ஆள்பவனா? நோயன்றோ அவனை ஆள்கிறது! சேர்ந்தவன், உடையவன் என்பதே பொருந்தும். ஆக, மலையாளி மலையைச் சேர்ந்தவன். கேரளத்தார் பெயரோ மலையாளம் என்னும் நாட்டுப் பெயர் வழியே வந்தது. அந்நாட்டுப் பெயரே பின்னர் மொழிக்கும் ஆயிற்று. சொல் ஒன்று, வந்த வழி வேறு, மக்களும் வேறு.

அரபு இலக்கணிகள் இதனை நன்கு உணர்ந்தவர்கள். பஅலபக், ஹளரமவ்த் முதலிய ஊர்ப்பெயர்களை, கலந்து ஒன்றாகிவிட்ட கூட்டுப்பெயர் எனத் தனியே வகுத்தனர். ஹளரமவ்த்தைப் பிரித்தால் 'மரணம் வந்தது' என்பதுபோல் ஒலிக்கும். அதுகொண்டு அந்த யமன் நாட்டாரைச் சாவின் மக்கள் என்பார் உண்டோ? தொல்காப்பியரும், சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் வெளிப்படத் தோன்றாது என உரியியலில் எச்சரித்தார்.

இது புலவர் பொழுதுபோக்கன்று. 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்பதைத் தனியே எழுதவில்லை. சேலம், தருமபுரி, வடஆர்க்காடு, தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களோடு பிணைத்தே எழுதியது. கோயம்புத்தூர் அதில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகள் இதனால் விடுபட்டனர். சான்றிதழ் கேட்டுப் பல்லாண்டுகளாக மன்றாடி வந்துள்ளனர். பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அச்சான்றிதழைப் பொறுத்தவை.

சொல்லை மட்டும் நம்பினால் கேரளத்தாரும் உள்ளே வருவர். எல்லைக்கோட்டை மட்டும் நம்பினால் பர்கூரார் வெளியே நிற்பர். பெயரைத் தாங்கியவரையே கேட்பது நீதி என்போம். வாயால் எவரும் எதுவும் சொல்லலாமே என்பார்க்கு நம் விடை இது: பெயரை மட்டுமா கேட்கச் சொன்னோம்? எவ்வீட்டில் பெண் எடுத்தனர், எத்தெய்வத்திற்கு நேர்ந்துகொண்டனர், இறந்தாரை எவ்வாறு அடக்குகின்றனர் என்பவற்றையும் கேட்கட்டும். சேலத்து மலையில் கேட்கத்தக்க இவ்வினாக்கள் பர்கூர் மலையிலும் கேட்கத்தக்கனவே.