நிபந்தனையற்ற உதவித்தொகையும் பெறுவோர் மதிப்பும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

வறுமையுற்ற ஒரு குடும்பத்திற்குப் பொருளுதவி செய்ய முற்படும் அரசோ அமைப்போ இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. எவ்வளவு கொடுப்பது என்பது முதல் வினா. கொடுத்த பொருளை இன்னவாறுதான் செலவிட வேண்டும் என்று சொல்லும் தகுதி கொடுத்தவருக்கு உண்டா என்பது இரண்டாம் வினா. முன்னதைப் பொருளியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பின்னது அறவியல் சார்ந்தது; ஈதல், இரத்தல் ஆகியவற்றைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்துவந்த தமிழ் இலக்கியத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இவ்விரண்டாம் வினாவை, மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் 2011-12ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஒரு சோதனைத் திட்டத்தையும், புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடல்கள் சிலவற்றின் கருத்தையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிபந்தனையின் அடிப்படை

மெக்சிகோ நாட்டில் 1997இல் தொடங்கப்பட்ட புரோகிரெசா திட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மருத்துவப் பரிசோதனைக்கு வருதல் ஆகியவற்றை நிறைவேற்றிய குடும்பங்களுக்கே பணம் வழங்கியது. இந்தியாவில் 2005இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா யோஜனா, மருத்துவமனையில் மகப்பேறு நிகழ்வதை ஊக்குவிக்கும் பொருட்டு உதவித்தொகை அளித்தது. இத்தகைய திட்டங்களின் நோக்கம் நன்றே. எனினும் நிபந்தனை ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஐயம் உள்ளது. ஏழை தன் நலனைத் தானே அறியமாட்டார் அல்லது அறிந்தும் பேணமாட்டார் என்பதே அவ்வையம். மேலும், பேருந்து வராத ஊரில் வாழும் பெண் மருத்துவமனைக்குச் செல்லாமைக்குக் காரணம் சாலையின்மையாக இருக்கலாம். நிபந்தனையோ சாலையின் குறையை அப்பெண்ணின் குறையாகக் கணக்கிட்டு, உதவி மிகுதியும் தேவைப்படும் அவருக்கே அதனை மறுத்துவிடுகிறது.

இதற்கு எதிரான வாதமும் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. உடல்நலம் உடையவர் உழைக்காமல் இலவச உணவு பெறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. இந்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, அனைவருக்குமான அடிப்படை வருமானம் பற்றிய இயலைக் காந்தியடிகளோடு நிகழ்த்தும் உரையாடலாகவே அமைத்திருப்பது இவ்வாதத்தின் வலிமையைக் காட்டுகிறது. உழைப்பின்றி வரும் பொருள் உழைக்கும் மனத்தைக் கெடுக்குமா என்பதைக் களத்தில் நிகழ்ந்ததைக் கொண்டே காண வேண்டும்.

மத்தியப் பிரதேசச் சோதனை

சுயதொழில் மகளிர் சங்கமான 'சேவா' அமைப்பு, யுனிசெஃப் நிறுவனத்தின் நிதியுதவியுடன் மத்தியப் பிரதேசத்தில் இச்சோதனையை நடத்தியது. 8 சிற்றூர்களில் வாழ்ந்த அனைவருக்கும் மாதந்தோறும் பணம் வழங்கப்பட்டது. பணம் பெறாத 12 ஊர்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டன. பழங்குடியினர் ஊர் ஒன்றிலும் இத்தகைய சோதனை தனியே நடைபெற்றது. பொதுச் சிற்றூர்களில் வயது வந்தோர் ஒருவருக்கு 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும் முதலில் வழங்கப்பட்டு, பின்னர் அவை முறையே 300, 150 ரூபாயாக உயர்த்தப்பட்டன. கணவன், மனைவி இருவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே பெற்றனர். குழந்தைகளின் பங்கு தாயிடம் தரப்பட்டது. செலவு குறித்து எந்த நிபந்தனையும் விதிக்கப்படவில்லை.

தாய், தந்தை, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் ஒன்று இக்கணக்கின்படி மாதம் 700 ரூபாயும், உயர்வுக்குப் பின் 1,050 ரூபாயும் பெறும். இத்தொகை குடும்பத்தை முழுமையாகத் தாங்கப் போதாது. ஆயினும் கூலி வேலை இல்லாத மாதத்தில் இதன் மதிப்பு வேறு. அம்மாதத்தில் தானியம் வாங்கவோ மருத்துவரிடம் செல்லவோ நிலவுடைமையாளரிடம் கடன் பெறும் குடும்பம், விதைப்புக் காலத்தில் தன் வயலை விட்டுவிட்டு அவர் வயலில் உழைத்தே அக்கடனைத் தீர்க்க நேர்கிறது. மாதந்தோறும் தவறாது வரும் சிறுதொகை இத்தொடரை ஓரிடத்தில் அறுக்கிறது. கையில் விதைக்கும் உரத்திற்கும் பணம் இருப்பதால் அக்குடும்பம் தன் நிலத்தில் உரிய காலத்தில் விதைக்க முடிகிறது.

சரத் தவாலா, ரெனானா ஜப்வாலா, சௌம்யா கபூர் மேத்தா, கை ஸ்டாண்டிங் ஆகியோர் 2015இல் வெளியிட்ட நூலில் பதிவான முடிவுகள் இவ்விளக்கத்தோடு பொருந்துகின்றன. பணம் பெற்ற ஊர்களில் குழந்தைகளின், சிறப்பாகப் பெண் குழந்தைகளின், ஊட்டநிலை மேம்பட்டது. பள்ளிக்குச் செல்லும் பெண் பிள்ளைகள் மிகுந்தனர். கூலி உழைப்பிலிருந்து சொந்த வேளாண்மைக்கு மாறியோர் பலர். இம்மாற்றம் பழங்குடியினர் ஊரில் தெளிவாகப் புலப்பட்டது. ஆடு, கோழி முதலிய கால்நடைகள் பெருகின. பணம் மதுவில் கரையும் என்ற அச்சத்திற்குச் சான்று கிட்டவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகியோர் 2017இல் வெளியிட்ட கட்டுரையும், உதவித்தொகையால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடுவதில்லை என்றே காட்டியது. ஆகவே இச்சோதனையில் பணம் உழைப்பைக் கெடுக்கவில்லை. யாருடைய நிலத்தில், எவருக்காக உழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பைக் குடும்பத்திற்கு அளித்தது எனலாம்.

குமணன் கொடையும் மனைக்கிழத்தியும்

இந்நிலையை விளங்கிக்கொள்ளப் பெருஞ்சித்திரனாரின் குடும்பம் துணைசெய்கிறது. புறநானூற்றின் 159, 160ஆம் பாடல்களில் அப்புலவர் தம் இல்லத்து வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கிறார். முதிர்ந்த தாய், உப்பின்றிக் கீரையை வேகவைத்து உண்ணும் மனைவி, வெற்றுக் கலத்தைத் திறந்து பார்த்து அழும் மகன், அவனைப் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் ஆற்ற முயலும் தாய் எனக் காட்சிகள் விரிகின்றன. 163ஆம் பாடலில் அக்குடும்பத்தின் நிலை மாறுகிறது. குமணன் தந்த வளத்தை மனைவியிடம் ஒப்படைக்கும் புலவர், அவளை விரும்பி வாழ்வோர்க்கும் அவள் விரும்புவோர்க்கும் சுற்றத்தார்க்கும் பசிக்காலத்தில் கடன் தந்தோர்க்கும் வழங்குமாறு கூறுகிறார். தம்மைக் கலந்து கேட்க வேண்டுவதில்லை என்பதும் அவர் கூற்றில் அடங்கும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, குமணனும் நிபந்தனை விதிக்கவில்லை. புலவரும் மனைவிக்கு நிபந்தனை விதிக்கவில்லை. பசியின் ஒவ்வொரு நாளையும் கழித்தவள் அவளாதலின், எக்கடனை முதலில் தீர்ப்பது என்பதையும் அவளே அறிவாள். குழந்தைகளின் பங்கைத் தாயிடம் அளித்த மத்தியப் பிரதேசச் சோதனையிலும் இவ்வுண்மை ஏற்கப்பட்டிருக்கக் காணலாம். இரண்டாவது, கடனைக் குறிக்க அப்பாடலில் ஆளப்பட்ட 'குறியெதிர்ப்பை' என்னும் சொல், அளந்து பெற்று அவ்வளவே திருப்பித் தருவதைச் சுட்டும். வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஈகையினின்று வேறானதைக் காட்ட இச்சொல்லைக் கையாளுகிறார். நடத்தையைக் கைம்மாறாக எதிர்பார்க்கும் உதவித்தொகையும் இவ்வகையில் குறியெதிர்ப்பையின் பாற்படும்.

அதியமான் பரிசிலும் முகம் காணாக் கொடையும்

நிபந்தனை நீங்கினால் மட்டும் கொடை முழுமையுறுமா என்னும் வினாவை இதே புலவரின் 208ஆம் பாடல் எழுப்புகிறது. தம்மைக் காணாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை ஏற்க அவர் மறுக்கிறார். பொருளுக்காக மட்டும் வந்த வாணிகப் பரிசிலர் தாம் அல்லர் என்பதும், தகுதி அறிந்து தரப்படுவது தினையளவாயினும் இனிது என்பதும் அவர் கருத்து. அதியமானும் நிபந்தனை விதிக்கவில்லை. எனினும் அக்கொடையில் பெறுவோர் மதிப்பு இல்லை.

வங்கிக் கணக்கிற்கு நேரே செல்லும் தொகையும் முகம் காணாக் கொடையே. ஆயின் ஒப்புமை ஓரளவிற்கே பொருந்தும். புலவர் தம் புலமையை அறிந்து தரப்படும் பரிசிலை வேண்டினார். வறிய குடும்பம் தன் தகுதியையோ துன்பத்தையோ எவர் முன்னும் காட்டி நிற்க வேண்டியதில்லை. வள்ளுவர் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து, இரக்க நேர்வதன் இழிவை விரித்துரைத்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. முகம் காணாமை மதிப்பின்மை ஆகாதிருக்க ஒரே வழி, அத்தொகை கொடையாக அன்றி உரிமையாக வழங்கப்படுவதாகும்.

உரிமையும் அதன் எல்லையும்

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட திட்டம், மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாயை 'உரிமைத் தொகை' என்னும் பெயரால் வழங்கியது. இலவசம், நிவாரணம் என்னும் சொற்கள் கொடுப்பவரை முன்னிறுத்த, இப்பெயர் பெறுபவரை முன்னிறுத்துகிறது. எனினும் ஆண்டு வருமானம், நிலப்பரப்பு, மின்நுகர்வு ஆகியவற்றின் அடிப்படையில் தகுதி வரையறுக்கப்பட்டது. தகுதியற்றோர் எனப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. செலவில் நிபந்தனை இல்லாதபோதும், பெறும் வாயிலில் நிபந்தனை இருந்தது.

தெலங்கானாவில் 2018இல் தொடங்கப்பட்ட ரைத்து பந்து திட்டம் இதனை மேலும் தெளிவாக்கும். பருவத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு 4,000 ரூபாய் எனத் தொடங்கிய அவ்வுதவி நிலவுடைமையாளரைச் சென்றடைந்தது. அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர் விடுபட்டார். ஊரில் உள்ள அனைவருக்கும் வழங்கிய மத்தியப் பிரதேசச் சோதனையில் இக்குறை இல்லை. எவரும் எவரிடமும் ஏழை என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அச்சோதனைக்கு வேறொரு குறை உண்டு. காலவரையறை முடிந்ததும் தொகை நின்றது. அதனை நம்பித் தன் நிலத்தில் விதைத்த குடும்பத்திற்குத் தொகை தொடர வேண்டும் என்று கேட்க உரிமை ஏதும் இருக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், நிபந்தனையற்ற உதவித்தொகை வறிய ஊரகக் குடும்பத்தின் உணவையும் கல்வியையும் மேம்படுத்துவதோடு, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் நிலையையும் அதற்கு மீட்டுத் தரவல்லது என்பது புலனாகிறது. செலவில் விதிக்கப்படும் நிபந்தனை குடும்பத்தின் அறிவை ஐயுறுகிறது. பெறும் வாயிலில் விதிக்கப்படும் நிபந்தனை குடும்பத்தை மீண்டும் இரக்கச் செய்கிறது. இரண்டும் நீங்கிய இடத்திலும், கொடுப்பவர் விரும்பியபோது நிறுத்தக்கூடிய தொகை பரிசிலே ஆகும், உரிமை ஆகாது. குமணன் ஒருமுறை தந்த வளம் அவ்வில்லத்தின் கடன்களைத் தீர்க்கப் பயன்பட்டது. அடுத்த பசிக்காலத்தில் அப்புலவர் மீண்டும் ஒரு வள்ளலைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும் என்னும் நிலையை மாற்றும் பொறுப்பு இன்றைய அரசுக்கு உண்டு.