உணராத காலின் நேர்ச்சை

குமரி மாவட்டத் தோவாளையில் பூச்சரம் தொடுக்கும் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் தெருவில் இருக்கும். விரல் மட்டும் காம்பைத் தானாகத் தேடிப் பிடித்து நாரைச் சுற்றி இழுக்கும். இன்னும் அரை இழுப்பு இழுத்தால் காம்பு அறுந்துவிடும் என்பது விரல்நுனிக்குத் தெரியும். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலையும், அரளியை மடித்து வைக்கும் இந்த விரலறிவின்மேல்தான் நிற்கிறது. புற நரம்பு நோய் பறிப்பது இந்த அறிவைத்தான். ஆனால் அது கைவிரலில் தொடங்குவது குறைவு. உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதுகிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகின்றன. சர்க்கரையாலோ பி12 குறைவாலோ குடியாலோ நரம்பு கெடும்போது, பெரும்பாலும் அந்த நுனிகளே முதலில் வாடும். கால்விரல் மதமதக்கும், பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கும், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடை தொடரும். மரப்பு முழங்காலை நெருங்கும் வேளையில்தான் கைவிரலுக்கு முறை வரும்.

குமரி மாவட்டத்தில் இது மருத்துவச் செய்தியோடு நின்றுவிடாது. இங்கே கால் நேர்ச்சை செலுத்தும் உறுப்பு. சபரிமலைக்கு மாலை போட்டவர் செருப்பைக் கழற்றிவிடுகிறார். பெண்களின் சபரிமலை என்று பேரெடுத்த மண்டைக்காட்டுக்கு இருமுடி சுமந்து பெண்கள் வருகிறார்கள். கல்லும் வெயிலும் தரும் வேதனையைத் தெய்வத்தின் காலடியில் வைப்பதில்தான் வெறுங்கால் நடையின் பொருள் இருக்கிறது. அப்படியானால் வேதனையே தெரியாத கால் எதைக் கொண்டுபோய் வைக்கும்? முள் தைத்ததை அறிந்து நடப்பவர் தாங்குகிறார். அறியாமல் நடப்பவர் காயப்படுகிறார், அவ்வளவுதான். தாங்குவதற்கு மனம் வேண்டும். மனம் கலக்காத இடத்தில் தவம் ஏது? மரத்த காலுக்கு உரிய விரதம் வேறு என்றே நினைக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது, செருப்பை உதறிவிட்டுப் போடுவது, குளிக்கும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் அறிவது. இதுவரை உடம்பு கேட்காமலே செய்துவந்த காவலை இனி மனம் நாள் தவறாமல் செய்தாக வேண்டும்.

இந்தக் காவல் ஏன் வேண்டும் என்பதற்கு வேலூரில் சான்று இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று பரவலாக நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு. நரம்பு செத்ததால் சூடும் வெட்டும் தெரியாமல், புண்பட்ட விரலையே திரும்பத் திரும்பப் புழங்கியதால்தான் அது தேய்ந்துபோனது. உறங்கும்போது எலி கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. ஊர் சாபம் என்று சொன்னது, யாரும் கவனிக்காத சின்னச் சின்னக் காயங்களின் தொகை. பின்னாளில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கும் கருவியை அவர் குழு செய்துபார்த்தது. மின்னதிர்ச்சி கொடுத்தும் பயனில்லை; வேலைக்கு இடைஞ்சல் என்று நோயாளிகள் அதை அணைத்துவிட்டார்கள். வலி இறைவனின் கொடை என்று பிராண்ட் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

அந்த முடிவை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. மரக்கச் செய்யும் இதே நோய்தான் பலருக்கு இரவில் தீயாக எரிகிறது. போர்வை பட்டாலே பாதம் துடிக்கிறது. வெளியே காயம் ஒன்றுமில்லை, கெட்ட நரம்பு தானாகப் பிதற்றுகிறது. எதையும் அறிவிக்காத அந்த வலியைக் கொடை என்று சொன்னால், விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் மனம் புண்படும். முன்வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது அதைவிடக் கொடிய பேச்சு. நாவுக்கரசரின் சூலைநோயை எடுத்துக்காட்டுவார்கள். பெரியபுராணம் சொல்வதைக் கவனியுங்கள்: அவர் வலியை ஏற்றுக்கொண்டு கிடக்கவில்லை. தமக்கை திலகவதியாரிடம் போனார், திருநீறு பெற்றார், திருவதிகையில் நின்று நோயைத் தீர்க்கும்படி இறைஞ்சினார், அது தீர்ந்தது. நோய் அவரை இறைவனிடம் அழைத்துவந்திருக்கலாம். அது தீர வேண்டும் என்று கேட்டதை யாரும் பக்திக் குறைவாகக் கொள்ளவில்லை. நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பிரிகாபலினையோ அமிட்ரிப்டிலினையோ விழுங்குவதும் அப்படிப்பட்ட கேட்டல்தான்.

சாமி காப்பார், செருப்பு எதற்கு என்று கேட்பவரின் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. கோயிலுக்குள் செருப்பு கூடாது என்பதும் சரியே. ஆனால் உச்சிவெயிலில் பிராகாரத்துக் கல் கொதிக்கும். மரத்த உள்ளங்கால் அதில் வெந்து கொப்பளித்தது மறுநாள் தரையில் ஈரத்தடம் கண்டபிறகே தெரியவரும். நடை திறக்கும் அதிகாலையில், கல் குளிர்ந்திருக்கும்போது போகலாம். வாசல்வரை செருப்போடு போகலாம். திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டினால், குனிய முடியாத பாட்டியின் பாதத்தைப் பேத்தி வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிகாலிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிடுவாள்.