ஒரு சதுர மீட்டர்

அலாஸ்காவின் தென்கிழக்கில் கிளேசியர் பே என்றொரு விரிகுடா இருக்கிறது. அதன் வாயில் அடர்ந்த காடு. ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றின் அடியில் முழங்கால் புதையும் பாசி. கப்பல் வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகும். பிறகு ஆல்டர் புதர்கள். அதற்கும் அப்பால் தரையோடு படர்ந்த சின்னஞ்சிறு செடிகள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி உள்முனைக்குப் போனால் வெறும் பாறையும் அதன் மேல் இறங்கி நிற்கும் பனியாறும்தான். காலையில் காட்டைப் பார்த்தவர்கள், புல்கூட முளைக்காத கல்லை மத்தியானத்துக்குள் பார்த்துவிடுகிறார்கள்.

1750 வாக்கில் இங்கே விரிகுடாவே கிடையாது. பனி முழுவதையும் நிரப்பி, வாய்க்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருந்தது. 1794இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் படகில் வந்தபோது பனிச்சுவரில் சிறிய உள்வளைவு ஒன்றைத்தான் கண்டார்கள். 1879இல் இயற்கையாளர் ஜான் மியூர், டிலிங்கிட் பழங்குடியினர் துடுப்புப் போட்ட ஓடத்தில் வந்து சேர்ந்தபோது பனி 50 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916க்குள் அது உள்முனைக்கே போய்விட்டது. ஆகவே வாயில் இருப்பது மூத்த நிலம், உள்ளே இருப்பது இளைய நிலம். கப்பல் முன்னே போகிறது. காலம் பின்னே போகிறது. ஒரு பாறை காடாவதற்குப் பிடிக்கும் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளை ஒரே பகலில் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு எல்லாரும் கேமராவை மூடுகிறார்கள்.

எனக்கும் அந்த நிறைவு இருந்தது. அது எவ்வளவு அரைகுறையானது என்பது பிறகுதான் தெரிந்தது.

முன்பெல்லாம் கடமை முடிந்த தம்பதிகள் காசிக்குப் போனார்கள். இன்று சியாட்டில் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள், பார்க்க வந்த அப்பா அம்மாவை அலாஸ்காக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நானும் என் கணவரும் அப்படிப் போனவர்கள்தான். பெட்டியில் ஊறுகாய், பருப்புப்பொடி, கம்பளித் தொப்பி. கப்பலில் எங்களை மாதிரிப் பல ஜோடிகள் இருந்தார்கள், எல்லா வயதிலும். ஒருவர் தோளில் இன்னொருவர் தலையைச் சாய்த்தே நடக்கும் புதுமணத் தம்பதி. ஆளுக்கொரு போனோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர்கள். நடைவண்டி தள்ளும் மனைவிக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பிடித்த பெரியவர். இவர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு முழு இல்லறமும் கண்ணில் தெரிகிற மாதிரி இருந்தது. அந்த இளசுகள் நாளைக்கு இந்தப் போன்காரர்கள் ஆவார்கள், அவர்கள் பிறகு அந்தப் பெரியவர்கள் ஆவார்கள் என்று மனம் தானாகக் கோடு போட்டுக்கொண்டது.

விரிகுடாவைப் பார்க்கிறவர்களும் இதே கோட்டைத்தான் போடுகிறார்கள். முதலில் பாசி, பிறகு ஆல்டர் வந்து மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், அந்த வளத்தில் ஸ்ப்ரூஸ் எழும், கடைசியில் ஹெம்லாக் என்று இந்த இடத்தை வைத்தே பல காலம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். வெவ்வேறு வயதுள்ள நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, அவை ஒரே நிலத்தின் வெவ்வேறு பருவங்கள் என்று எடுத்துக்கொள்ளும் முறை அது. ஆயுசு குறைந்த மனிதர்களுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை.

வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் வேறொரு வழியையும் தேடினார். 1916இல் இங்கே வந்தவர், பனி விலகிய தரையில் ஒரு சதுர மீட்டர் அளவில் ஒன்பது இடங்களைக் குறித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன முளைத்திருக்கிறது, எங்கே முளைத்திருக்கிறது என்று படம் வரைந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பி வந்து மறுபடி வரைந்தார். மறுபடியும் வந்தார். அவருக்குப் பின் டொனால்ட் லாரன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த வேலையை ஏற்றார். 2016இல் சூழலியலாளர் பிரையன் பூமாவும் கூட வந்தவர்களும் பழைய குறிப்புகளை வைத்துத் தேடி, புதருக்கும் மரத்துக்கும் அடியில் மறைந்துபோயிருந்த அந்தச் சதுரங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தார்கள். நூறு வருஷம், தலைமுறை தாண்டி, திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட சில சதுர மீட்டர் தரை. உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. எனக்கு இதைப் போல மனசைத் தொட்ட ஆராய்ச்சி வேறொன்றில்லை.

அந்தச் சதுரங்கள் சொன்ன கதை, கப்பலிலிருந்து தெரிந்த கதை அல்ல. பாடத்தில் இருந்த ஒழுங்கான வரிசையில் அவை போகவில்லை. எந்த விதை முதலில் வந்து விழுந்தது என்பதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு இருந்தது. முதலில் வந்து இடம்பிடித்தது, பின்னால் வருவதைத் தடுத்தது. சதுரங்கள் நாளடைவில் வெவ்வேறு வழியில் போயின. தள்ளி நின்று பார்த்தால் ஒரே விதி. குனிந்து ஒரு சதுரத்தை விடாமல் பார்த்துவந்தால் அதற்கென்று ஒரு சரித்திரம்.

மேல்தளத்தில் குளிர்க்காற்றில் நின்றபோது, அந்த இளம் ஜோடியைக் காட்டிக் கணவரிடம் கேட்டேன்: "என்னங்க, நாமளும் இப்படித்தான் இருந்தோமா?"

"எங்கே இருந்தோம்? முதல் வருஷம் அம்மா படுத்த படுக்கை. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ கஞ்சி காய்ச்சுவே, நான் துணி அலசுவேன். கிணத்தடியிலதான் நாம பேசினதே."

எனக்கு அந்தக் கஞ்சி நினைவிருந்தது, அலுப்பு நினைவிருந்தது. கிணற்றடிப் பேச்சு மறந்தே போயிருந்தது. ஒன்றும் பெரிய பேச்சு இல்லை. விடிந்தால் யார் மருந்து வாங்கப் போவது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்பதுதான். ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் கோபம் வந்தால்கூட வேலையைப் பங்கிட்டுக்கொண்டே கோபித்துக்கொள்கிறோம். அதன் வேர் அங்கே இருக்கிறது. முதலில் வந்து விழுந்த விதை அது. வேறொரு வீட்டில் வேறொன்று விழுந்திருக்கும். அந்தக் கதவு திறந்து பிடிக்கும் பெரியவரின் முதல் வருஷம் எனக்குத் தெரியாது. அந்தப் போன்காரர்களின் மௌனம் சலிப்பா, நிம்மதியா என்பதும் தெரியாது. அவர்களை வரிசையில் நிறுத்த எனக்கு என்ன உரிமை?

தள்ளி நின்று பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது கப்பல். சூடான அறை, கண்ணாடிச் சுவர், நகரும் மலை. நம்மிடம் அது எதையும் கேட்பதில்லை. கரையில் இறங்கினால்தான் இடம் நம்மைத் தொட ஆரம்பிக்கிறது. ஸ்காக்வே என்ற துறைமுக ஊரில் ரயில் ஏறினோம். 1898இல் தொடங்கி 1900இல் முடித்த பாதை. தங்கம் தேடிப் போனவர்கள் மூட்டை சுமந்து ஏறிய கணவாயில் ஏறுகிறது. நல்ல பயணம்தான், ஆனால் அதுவும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான்.

ஜூனோதான் வேறு. வெளியூரிலிருந்து சாலையே இல்லாத, அலாஸ்காவின் தலைநகரம் அது. ஏறத்தாழ 32,000 பேர் இருக்கும் ஊருக்கு ஒரு பருவத்தில் 16 லட்சத்துக்கு மேல் கப்பல் பயணிகள் வந்து இறங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் அலுத்துப்போய், 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது நியாயம். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் போய் இறங்கலாம் என்றார்கள். நாங்கள் மெண்டன்ஹால் பனியாற்றுப் பக்கம் காட்டுப்பாதையில் நடந்தோம். தூறல். வழியெங்கும் பாசி. பனி எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். 1962இல் பார்வையாளர் மையத்தைத் திறந்தபோது பனியாறு அருகில் இருந்தது. இன்று ஏரிக்கு அப்பால் வெகுதூரம் போய்விட்டது. அந்த விலகலில் மனிதர்களின் புகைக்குப் பங்கு உண்டு. எங்களைச் சுமந்து வந்த கப்பலின் புகைக்கும்தான். அதை மறந்துவிட்டு அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பனியாற்றுக்கு மேலே தேங்கும் நீர் உடைத்துக்கொண்டு இறங்கி, 2023லிருந்து ஆகஸ்ட் மாதங்களில் ஜூனோவின் வீடுகளுக்குள் வெள்ளமாகப் புகுந்திருக்கிறது. அதே பனி உருகியபோது, அடியிலிருந்து ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டிருக்கின்றன, வேரோடு, நின்றது நின்றபடி. பனிக்கு முன்னும் அங்கே காடு இருந்திருக்கிறது.

கிளேசியர் பேயில் பனிக்கு முன் என்ன இருந்தது என்பதை ஹூனா டிலிங்கிட் மக்கள் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவந்திருக்கிறார்கள். அது சால்மன் மீன் ஏறும் ஆற்றுச் சமவெளி. அங்கே அவர்கள் ஊர் இருந்தது. விலக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பனியைக் கூப்பிட்டாள், பனி ஊரை நோக்கி வந்தது, எல்லாரும் ஓடங்களில் ஏறினார்கள், ஒருத்தி மட்டும் வீட்டை விட்டு வர மறுத்தாள் என்பது அவர்கள் கதை. சொல்கிறவரைப் பொறுத்து அவள் இளம்பெண்ணாகவோ பாட்டியாகவோ இருப்பாள். பனி வேகமாக முன்னேறி அந்தச் சமவெளியை மூடியது என்று புவியியலாளர்களும் பின்னர் கண்டார்கள்.

1925இல் இந்த விரிகுடா தேசிய நினைவிடமானதற்குக் கூப்பரின் முயற்சியும் காரணம். காடு பிழைத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பின் விதிகள், பனி விலகியதும் திரும்பி வந்திருந்த ஹூனா மக்களின் வேட்டையையும் கடற்காக்கை முட்டை சேகரிப்பதையும் தடுத்தன. ஒரு சதுர மீட்டரை அத்தனை அன்போடு பார்த்தவரின் கண்ணில் அவர்கள் சரியாகப் படவில்லை என்பதை நினைக்க வலிக்கிறது. முட்டை சேகரிக்க வழிவிடும் சட்டம் 2014இல்தான் வந்தது. 2016 ஆகஸ்டில், விரிகுடாவின் பார்ட்லெட் கோவ் கரையில் தங்கள் குலவீட்டைத் திறக்க அவர்கள் ஓடங்களில் துடுப்புப் போட்டு வந்தார்கள். விட்டுப்போனது ஆற்றுச் சமவெளி. வந்து சேர்ந்தது கடல். ஒரு அடையாளம்கூட மிச்சமில்லாத அந்த இடத்தை அவர்கள் தங்கள் வீடு என்று அறிந்தார்கள், ஏனென்றால் அது என்னென்னவாக இருந்தது என்பதை யாரோ ஒருவர் எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கூடவே இருந்து பார்ப்பவருக்கு மெதுவான மாற்றம் தெரியாது என்று சொல்வார்கள். நான் இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்றாடம் தெரியாமல் போகலாம். ஆனால் நான் என்னென்னவாக இருந்து இதுவானேன் என்பதை, என்னிடமே இல்லாத குறிப்போடு வைத்திருப்பவர் கூட இருந்தவர்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் ஒரு பருவம். அவருக்கு மட்டும் ஒரு சரித்திரம். அந்தக் குறிப்பு அன்பால் மட்டும் எழுதப்பட்டதும் அல்ல. சண்டை, மருந்துச்சீட்டு, பால் பாக்கி எல்லாம் அதில் இருக்கும். என் கஞ்சி அவரிடமும், அவர் அலசிய துணி என்னிடமுமாக, ஒருவர் பாதியை இன்னொருவர் வைத்திருக்கிறோம்.

பெற்றவர்களுக்குச் சீட்டு எடுக்கும் பிள்ளைகளே, கிளேசியர் பேக்குள் போகும் கப்பலாகப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பால்கனி அறைக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம்பிடித்து, நல்ல மழைக்கோட்டும் நனையாத காலணியும் வாங்கிக் கொடுங்கள். ஜூனோவில் ஹெலிகாப்டர் வேண்டாம், குழுவும் வேண்டாம். அந்தக் காட்டுப்பாதையில் இருவரையும் தனியாக விடுங்கள். மெதுவாகத்தான் நடப்பார்கள். கப்பல் புறப்பட நேரம் இருக்கும்.