கடன் என்னும் ஒரு சொல்

தமிழில் ஒரே சொல் இருவேறு பொருள்களைத் தாங்கி நிற்பது புதுமையன்று. ஆயினும், 'கடன்' என்னும் சொல்லைப் போல் இல்லறத்தாரைச் சிந்திக்க வைக்கும் சொல் பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. இன்று இச்சொல்லைக் கேட்ட அளவில் வட்டியும் தவணையும் நம் நினைவுக்கு வருகின்றன. பண்டைத் தமிழரோ கடமை என்னும் பொருளில் இதனைப் பெரிதும் ஆண்டனர். புறநானூற்றின் 312-ஆம் பாடலில், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவருக்கும் உரிய கடன் எது எது எனப் பொன்முடியார் வகுத்துரைக்கிறார். திருநாவுக்கரசரும் தொண்டினைக் குறிக்கவே இச்சொல்லை எடுத்தாண்டார்.

செலுத்த வேண்டிய பொருளையும் செய்ய வேண்டிய பணியையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் வழங்கியதில் நுட்பம் இல்லாமற் போகவில்லை. இரண்டுமே நாம் பிறருக்குப் பட்டிருப்பவை. இரண்டையும் தீர்த்தாலன்றி மனம் அமைதி கொள்வதில்லை. ஆனால், வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் வேளைகள் உண்டு. தங்கையின் திருமணம், தந்தையின் அறுவைச் சிகிச்சை, மகளின் கல்லூரிக் கட்டணம் என்று ஒரு கடனை ஆற்ற மற்றொரு கடனைப் பட நேரிடுகிறது. பட்டால் கடனாளி, படாவிட்டால் கடமை தவறியவர். இந்நிலையில் அறம் எந்தப் பக்கம் நிற்கிறது? பிறந்த மண்ணை விட்டு டில்லியிலும் பிற நகரங்களிலும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று வீட்டுக்குள் வந்து அமரும் வினா.

கடனும் வலிமையும்

வரவு சிறிதாக இருப்பதால் கேடில்லை, செலவு அதனை மீறாதிருந்தால் போதும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் அதனை இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில் வைத்தார். படையெடுக்கப் போகும் அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட வேண்டிய இடம் அது. அங்கே வரவு செலவுக் கணக்கு வருவானேன்? செலவு மிகுந்தவனிடம் வலிமை தங்காது என்பதே அதன் உட்கிடை எனலாம்.

இதே உண்மையை நம் அரசாங்கமும் வேறொரு மொழியில் எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஊழியர் ஒருவர் ஓயாத கடனாளியாகவோ நொடித்தவராகவோ ஆகாதபடி தம் சொந்தக் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒரு குமாஸ்தா மளிகைக் கடையில் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதில் அரசுக்கு என்ன அக்கறை என்று நாம் கேட்கலாம். அக்கறைக்குக் காரணம் உண்டு. கடன்பட்டவரால் 'முடியாது' என்று சொல்ல இயலாது. மேசைக்கு அடியில் நீளும் கையைத் தள்ளும் துணிவு, தவறான கோப்பில் கையெழுத்திட மறுக்கும் துணிவு, தகாத உறவை வேண்டாமென ஒதுக்கும் துணிவு ஆகிய யாவும் கையில் நாலு மாதச் செலவுக்குப் பணம் இருப்பவருக்கு எளிது. நாலு பேருக்குப் பணம் தர வேண்டியவருக்கு அரிது. கடன் முதலில் தின்பது பணத்தையன்று, மறுக்கும் உரிமையைத்தான். சிக்கனத்தை நாம் அறம் என்று போற்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

மூவகைக் கடன்கள்

எனினும், எல்லாக் கடனும் இழிவென்று ஒதுக்குதல் பொருந்தாது. உயிர் காக்கப் பெறும் கடன் ஒன்று; வளர்ச்சிக்காகப் பெறும் கடன் மற்றொன்று; பிறர் கண்ணுக்காகப் பெறும் கடன் மூன்றாவது. நோய்க்கு வாங்கிய கடனைப் பழிப்பவர் மனிதப் பண்பற்றவர். கல்விக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் வாங்கும் கடன், திருப்பித் தரும் ஆற்றலுக்குள் அடங்குமாயின் தவறன்று. நம்மை அழிப்பது பெரும்பாலும் மூன்றாவது வகையே.

வெளியூரில் வாழ்வோர்க்கு இந்த மூன்றாம் கடனின் கவர்ச்சி மிகுதி. 'டில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம்' என்ற சொல்லுக்கு ஊரில் ஒரு விலை உண்டு. அந்த விலைக்கேற்ப மொய் எழுத வேண்டும். கோயில் கும்பாபிஷேகப் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை செல்லும்போது அத்தனை உறவினருக்கும் கை நிறையக் கொண்டு செல்ல வேண்டும். எவரும் குடியிராத வீட்டை ஊரில் மாடியோடு கட்ட வேண்டும். இங்கோ இரண்டு அறைக் குடியிருப்பில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சியதில் மாதத்தின் கடைசி வாரத்தைக் கடத்துகிறோம். இந்த இரு தோற்றங்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவதற்காக வாங்கப்படுவதே மூன்றாம் கடன்.

முன்பு இத்தகைய வேளைகளில் சேமநல நிதி கைகொடுத்தது. தம் பணத்தையே முன்பணமாகப் பெற்று, தமக்கே திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு அது. 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு அந்த வாயில் இல்லை. அவர்களுக்குரிய ஓய்வூதிய முறையில் சேமிப்பை இடையில் எடுப்பதற்கு வரையறைகள் மிகுதி. ஆகவே இளைய தலைமுறையின் கை சட்டைப்பையில் உள்ள கடன் அட்டையை நாடுகிறது. மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்பது அத்தகைய அட்டைகளில் காணக்கூடிய வட்டியே. ஆண்டுக்கு அது 42 ரூபாய். வட்டிக்கு வட்டி சேருமானால் 51 ரூபாய். கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது. வாயிலில் வந்து குரல் உயர்த்தும் வட்டிக்காரனை நாம் அஞ்சுகிறோம். குரலே எழுப்பாமல் சட்டைப்பையில் உறங்குபவனை நண்பன் என்று நம்புகிறோம்.

செலவு செய்வது நாட்டுக்கு நல்லது என்ற வாதமும் எழுவதுண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020 அக்டோபரில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் 10,000 ரூபாய் பண்டிகை முன்பணம் அறிவித்தது. 2021 மார்ச் 31-க்குள் அதனைச் செலவிட்டுவிட வேண்டும் என்றும், பத்துத் தவணைகளுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. முடங்கிய வாணிகத்தை எழுப்ப அரசு கண்ட வழி அது. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், நாட்டின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு. நாடு தன் செலவால் வரவைப் பெருக்கலாம். மாதச் சம்பளக்காரர் எவ்வளவு செலவிட்டாலும் அடுத்த மாதச் சம்பளம் அதனால் ஒரு காசும் கூடுவதில்லை.

சிக்கனத்தின் சுமை யார் தோளில்?

கடனைத் தவிர்க்கச் சிக்கனம் வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் அறம் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சிக்கனம் என்றதும் பலரும் முதலில் கைவைப்பது அடுப்பங்கரையில். இது கணக்கின்படியும் முழுதும் சரியன்று. மத்தியப் புள்ளியியல் துறையின் குடும்பச் செலவு ஆய்வுகளின்படி, நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் 48 விழுக்காடாக இருந்தது. 2022-23-இல் 39 விழுக்காடாகக் குறைந்தது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களின் பங்கோ 12 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. உணவுச் செலவிலேயே மிகப்பெரும் பங்கு பானங்களுக்கும் ஆயத்த உணவுகளுக்கும் செல்கிறது. அரிசியில் ஒரு பிடி குறைப்பதால் குடும்பம் உயராது. பொட்டலங்களில் வருவதைப் பாதியாக்கினால் ஒருவேளை உயரும்.

அறிவோடு செய்யும் மளிகைச் சிக்கனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. டில்லியின் குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணியும் செந்நிறக் காரட்டும் முள்ளங்கியும் பாலக்கீரையும் மலிந்து கிடக்கும். அப்போது முருங்கைக்காய்க்காகக் கடை கடையாய் அலைபவர் காய்க்கு விலை கொடுக்கவில்லை, ஊர் நினைவுக்கு விலை கொடுக்கிறார். வாரத்தில் ஒரு நாள், அந்தக் கிழமையின் பெயரிலேயே தெருவோரம் கூடும் சந்தையில் விலை பார்த்து வாங்குவதும், 1963 முதல் அரசு ஊழியர்களுக்கென நடந்துவரும் கேந்திரிய பண்டார் போன்ற கூட்டுறவுக் கடைகளில் பருப்பும் எண்ணெயும் வாங்குவதும், ஊர் சென்று திரும்பும்போது ஓராண்டுப் புளியைக் கட்டிக்கொண்டு வருவதும் நம் இல்லத்தரசியர் கண்ட நல்ல வழிகள். மூன்று வேளையும் ஊர்ச்சாப்பாடே வேண்டும் என்னும் பிடிவாதத்தைத் தளர்த்தி, இரவில் கோதுமைக்கு மாறிய குடும்பங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தின. இந்த மண்ணோடும் உறவு கொண்டன.

ஆனால், ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தியது என்றால், அந்த ஆயிரம் யாருடைய தட்டிலிருந்து வந்தது என்பதே அறத்தின் கேள்வி. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாயின் தட்டிலிருந்தா? பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் கூலியில் பிடித்த நாலு நாளிலிருந்தா? தள்ளுவண்டிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி வாதாடியதிலிருந்தா? தன் விருப்பத்தைக் குறைத்துச் சேர்ப்பது சிக்கனம். பிறர் தேவையைக் குறைத்துச் சேர்ப்பது கருமித்தனத்தினும் கீழானது. பேரங்காடியில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, கீரைக்காரியிடம் கணக்குப் பார்ப்பவரைச் சிக்கனக்காரர் என்று அழைப்பது தமிழுக்கு இழைக்கும் பிழை.

ஈண்டுச் 'சிறுவாடு' பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவில் மிஞ்சியதைக் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் ஒளித்து வைக்கும் பணத்துக்கு நம்மவர் இட்ட அழகிய பெயர் அது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் அந்தச் சிறுவாடு வெளியே வந்தது. கணவருக்குத் தெரியாமல் வைத்திருந்தது ஏமாற்றாகாதா என்று சிலர் கேட்டனர். அப்பணம் பெரும்பாலும் மருத்துவருக்கும் பள்ளிக்கும் மானம் காக்கவுமே செலவாயிற்று என்பதைக் குடும்பம் நடத்தியவர் அறிவர். அது ஏமாற்று எனில், ஒளித்தால்தான் தங்கும் என்று அவளை எண்ண வைத்த இல்லத்தின் பிழையும் அதில் பாதி உண்டு. கணக்கு இருவர் கண்ணிலும் படும் வீட்டில் சிறுவாட்டுக்கு ஒளிவிடம் தேவையில்லை.

சீட்டு காட்டும் பாடம்

ஏலச்சீட்டு நம்மவரோடு ரயிலேறி எல்லா ஊருக்கும் வந்திருக்கிறது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் கட்டும் ஓர் இலட்ச ரூபாய்ச் சீட்டினை எடுத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே ஒருவர் 25,000 தள்ளி, 75,000-க்கு எடுக்கிறார். நடத்துபவரின் கழிவு 5,000 போக, மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 ஆகிறது. மற்றவர் 5,000-க்குப் பதில் 4,000 கட்டினால் போதும். 'இந்த மாதம் நல்ல தள்ளு' என்று மகிழ்கிறோம்.

அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? ஒருவருக்கு ஏற்பட்ட அவசரத்திலிருந்து வந்தது. அது மருத்துவமனையாக இருக்கலாம், திருமணமாக இருக்கலாம். முறையாகப் பதிவு செய்து, 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் சீட்டில் தவறேதும் இல்லை. அவருக்கு உடனே பணம் கிடைத்தது. நமக்குக் காத்திருந்ததற்குப் பயன் கிடைத்தது. எனினும், நம் சேமிப்பின் இனிமைக்குப் பின்னால் மற்றொருவரின் நெருக்கடி இருக்கிறது என்னும் உணர்வு வேண்டும். அந்த உணர்வுள்ள சீட்டுக் கூட்டம், அவர் ஏன் இவ்வளவு தள்ளி எடுத்தார் என்று விசாரிக்கும். ஒருவேளை, அடுத்த முறை அவர் அவ்வளவு தள்ள வேண்டாதபடி நாலு பேர் கூடிக் கைம்மாற்றாகக் கொடுத்துதவும். பதிவற்ற சீட்டில் பணத்தை இழந்து நிற்பவரையும் பேராசைக்காரர் என்று நகையாது.

வாய்மையே வழி

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கடமைக்காகக் கடன் படலாமா? படலாம், ஆனால் கடமையின் அளவை நாமே அறிந்து, பிறருக்கும் அறிவித்த பின்னரே படவேண்டும். தங்கைக்குத் திருமணம் செய்து வைப்பது கடன். அதனை ஐந்நூறு பேருக்கு விருந்தாக்குவது கடனன்று. தந்தைக்கு மருத்துவம் பார்ப்பது கடன். அதன் சுமையை உடன்பிறந்தோர் அனைவரும் பகிர்வதும் கடனே. இல்லறத்தான் தன்னையும் காத்துக்கொண்டு பிறரையும் காக்க வேண்டியவன். தான் விழுந்த பின் தாங்குவதற்கு எவரும் மிஞ்சுவதில்லை.

ஆகவே, இது கூட்டல் கழித்தலோடு முடியும் கணக்கன்று. அடியில் வாய்மையைப் பற்றியது. 'என் சம்பளம் இவ்வளவு. என் செலவு இவ்வளவு. இந்த அளவுக்கு என்னால் தர முடியும்' என்று ஊரிலுள்ள தாய் தந்தையரிடமும், உடன்பிறந்தாரிடமும், வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்ல வல்லவர் மூன்றாம் கடனிலிருந்து விடுபட்டவர். முதன்முறை சொல்லும்போது முகங்கள் வாடும். சில உறவுகள் தொலைவாகலாம். ஆயினும், நம் வரவை அறிந்த பின்னும் நம்மை விரும்புவோரே நம் சுற்றம். பொய்யான செழிப்பைக் காட்டிப் பெற்ற மதிப்பு, தவணை நின்ற அன்றே நின்றுவிடும்.

இவ்வாய்மை தனி ஒருவரால் நிலைபெறுதல் அரிது. விழாக்களிலும் திருமணங்களிலும் எளிமையைப் போற்றும் சமூகம் சூழ இருந்தால்தான் ஒருவர் எளிமையாக நடக்கத் துணிவார். மொழியைக் காக்கக் கூடிய நம் சங்கங்கள், அம்மொழியில் கடன் என்னும் சொல்லுக்கிருந்த பழைய பொருளையும் காக்கலாம். வட்டியின்றி நாம் பட்டிருக்கும் அப்பழைய கடன்களை ஆற்றுவதற்காகவே, வட்டியோடு வரும் புதிய கடன்களைத் தவிர்ப்போமாக. அளவறிந்து வாழும் குடும்பங்கள் பல்குக. அவற்றால் நம் சமூகம் தலைநிமிர்ந்து வாழ்க!