குழாயின் வாயோடு முடியும் உரிமை



"என் காசில் வாங்கிய கார். விரும்பியதைக் கழற்றுவேன், விரும்பியதைப் பூட்டுவேன். கேட்பதற்கு நீர் யார்?" என்று ஒருவர் உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? உழைத்துத் தேடிய பொருளின் மீது ஒருவனுக்கு உள்ள உரிமை அற்பமானதல்ல. ஆனால் அந்த உரிமை எதுவரை செல்லும்? இக்கேள்வியை வெறும் வார்த்தைகளால் ஆராயாமல், ஒரு காரின் அடியிலே குனிந்து பார்த்து ஆராய்வோம்.

டேர்போ பூட்டிய கார்களைப் பற்றி அறிந்திருப்பீர்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், வலுவும் கூடும். வீணே போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனைக்கு அல்பிரட் பூக்கி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

சக்கரத்தைச் சுழற்றிய புகை அடுத்து இறங்கும் குழாயை 'டவுன்பைப்' என்பார்கள். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் இக்குழாயோடு சேர்ந்தே 'கற்றலிற்றிக் கொன்வேட்டர்' என்ற புகை சுத்திகரிக்கும் பெட்டி இருக்கிறது. அதனுள்ளே தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள். அவற்றின் மீது பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. நச்சுத் தன்மையுள்ள காபனோரொட்சைட்டு, எரியாமல் எஞ்சிய ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகிய மூன்றும் இதனூடாகச் செல்லும்போது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன் என மாறிவிடுகின்றன. சூடேறினால்தான் இப்பெட்டி வேலை செய்யும். ஆகவேதான் அதனை எஞ்சினுக்கு அண்மையில் வைக்கிறார்கள்.

இந்தத் தேன்கூடு புகையின் ஓட்டத்தைச் சற்றுத் தடுக்கவும் செய்கிறது. அதனைக் கழற்றிவிட்டு அகலமான வெறுங்குழாயைப் பூட்டினால், டேர்போ விரைவாகச் சுழலும், வலு கூடும், காரின் குரலும் கம்பீரமாகும். வேகத்தில் ஆசை கொண்ட இளைஞர்கள் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் உள்ள ஒட்சிசன் உணரி, பெட்டி வேலை செய்யவில்லை என்பதைக் கண்டு சாரதிக்கு முன்னே எச்சரிக்கை விளக்கை ஏற்றும். அந்த விளக்கும் எரியாதபடி காரின் கணினியை மாற்றிவிடுகிறார்கள்.

நீதியாகப் பேசுவோம். குழாய் மாற்றுபவர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர். அகலமான குழாயிலேயே சுத்திகரிக்கும் பெட்டி அமைந்த வகைகளும் உண்டு. கலிபோர்ணியாவில், புகையின் நச்சைக் கூட்டாது என்று நிரூபிக்கப்பட்ட உதிரிப் பாகங்களுக்கு அரசின் காற்று வளச் சபை அனுமதி இலக்கம் வழங்குகிறது. நாம் கேட்பது, பெட்டியை அகற்றிய வெறுங்குழாயோடு பொது வீதியில் ஓடும் காரைப் பற்றியே.

"என் ஒரு காரின் புகையால் யாருக்கு என்ன நேர்ந்தது? ஒருவரைக் காட்டுங்கள், கழற்றிவிடுகிறேன்" என்று அவர் கேட்கிறார். வாசகரே, இது பலமான வாதம். நாம் அப்படி ஒருவரைக் காட்ட முடியாது. அப்படியானால் அவர் குற்றமற்றவரா?

இதற்குரிய பதிலை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் சரித்திரம் சொல்கிறது. 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நகரைப் புகைமூட்டம் கவிந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. யுத்த காலமாதலால் எதிரியின் நச்சுவாயுவோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். பின்னர், செயற்கை இறப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலையின் மீது பழி விழுந்தது. ஆலையைச் சிறிது காலம் நிறுத்தியும் மூட்டம் நீங்கவில்லை.

ஒல்லாந்தில் பிறந்த இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிற் 1950களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டறிந்தார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் ஐதரோகாபன்களும், எரிதலால் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் ஒன்றோடொன்று தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன. கண்ணையும் நெஞ்சையும் வருத்தும் அந்த மூட்டத்தின் முக்கியமான கூறு அதுதான். இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அந்த ஓசோன் எவருடைய குழாயிலிருந்தும் வெளிவரவில்லை. எல்லாருடைய புகையும் சேர்ந்த பின் ஆகாயத்திலே உருவானது. மக்கள் ஒரு குற்றவாளியைத் தேடினார்கள். குற்றமோ காலையில் காரை எடுத்து வேலைக்குப் போன அனைவரிடமும் பங்கு பங்காகப் பிரிந்து கிடந்தது.

"பாதிக்கப்பட்ட ஒருவரைக் காட்டு" என்ற சவால் எங்கே பிழைக்கிறது என்பது இப்போது தெரிகிறது. பலர் சேர்ந்து செய்யும் தீங்கில் ஒவ்வொருவருடைய பங்கும் கண்ணுக்குத் தெரியாதபடி சிறியதுதான். ஆனால் தெரியாதபடி சிறியது வேறு, இல்லாதது வேறு. பங்குகள் யாவும் பூச்சியமாயின் கூட்டுத்தொகை எங்கிருந்து வந்தது?

நன்மையின் கணக்கும் இவ்வாறே. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து இந்தப் பெட்டி பரவலாகப் பொருத்தப்பட்டது. வாகனங்கள் மீதும் ஆலைகள் மீதும் விதித்த கட்டுப்பாடுகள் ஆண்டுக்காண்டு இறுகின. தென் கலிபோர்ணியாவில் பிள்ளைகளின் சுவாசப்பையைப் பல்லாண்டுகளாக அளந்து வந்த ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 15 வயதில் சுவாசப்பையின் ஆற்றல் மருத்துவ அளவுக்குக் குறைந்திருந்த பிள்ளைகள், 1994 முதல் 1998 வரை அளக்கப்பட்டோரில் நூற்றுக்கு 7.9 பேர், 2007 முதல் 2011 வரை அளக்கப்பட்டோரில் நூற்றுக்கு 3.6 பேர். காற்று சுத்தமாக, பிள்ளைகளின் நெஞ்சும் தேறியது.

இப்போது அந்த இளைஞரின் கேள்வியைத் திருப்பிக் கேட்போம். பெட்டியைக் கழற்றாமல் விட்ட ஒரு சாரதி, "என்னால் நலம் பெற்ற பிள்ளை எது?" என்று கேட்டால் காட்ட முடியுமா? முடியாது. ஆயினும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓடுகிறார்கள், விளையாடுகிறார்கள். முகம் தெரியாத பலருடைய சிறு அடக்கத்தால் அவர்கள் மூச்சு விடுகிறார்கள். பெட்டியைக் கழற்றியவரும் அதே சுத்தமான காற்றைத்தான் சுவாசிக்கிறார். மற்றவர்கள் கழற்றாததால் கிடைக்கும் நன்மையைப் பெற்றுக்கொண்டு, தம் பங்கை மட்டும் செலுத்த மறுக்கிறார். இது ஊரார் சேர்ந்து தூர்வாரிய கிணற்றில் தண்ணீர் அள்ள மட்டும் வருவதற்குச் சமம்.

"பெரிய நிறுவனங்களே ஏமாற்றவில்லையா?" என்று சிலர் கேட்பர். உண்மைதான். வொக்ஸ்வாகன் நிறுவனம் பரிசோதனையின்போது மட்டும் நச்சைக் குறைத்துக் காட்டும் கணினி நிரலைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்கள். உலகமே அதை மோசடி என்றது. பரிசோதனை நாளில் மட்டும் பழைய குழாயைப் பூட்டி, மறுநாள் கழற்றுகிறவர் செய்வது என்ன? அதே மோசடி, அளவுதான் சிறிது.

இந்த மறைப்புத்தான் எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுகிறது. தாம் செய்வதில் பிழை இல்லை என்று உண்மையாகவே நம்புகிறவர் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தேவையில்லை. அந்த விளக்கு காரின் மனச்சாட்சி போன்றது. அதை அணைக்கக் கூலி கொடுக்கும் மனிதர், பழுது எங்கே என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார். "கேட்டார்கள், செய்து கொடுத்தேன்" என்று சொல்லும் கராஜ்காரரும் இதைச் சிந்திக்க வேண்டும். ஒரு குழாய் பூட்டுகிறவரின் பங்கு சிறியது என்றால், நூறு குழாய் பூட்டிக் கொடுத்தவரின் பங்கு எவ்வளவு?

எனவே, அந்த இளைஞருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "தம்பி, கார் உம்முடையது. எஞ்சினும் குழாயும் உம்முடையவை. ஆனால் குழாயின் வாயோடு உமது உடைமை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வருவது, வீதியோரத்து வீட்டில் உறங்கும் குழந்தையின் மூச்சு. அதை மாற்றியமைக்க உமக்கு உரிமை இல்லை."

வாசகரே, உங்களிடம் டேர்போ கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் "என் ஒருவனால் என்ன வந்துவிடும்?" என்ற சொல் உங்கள் வாயிலும் என் வாயிலும் ஒருமுறையேனும் வந்திருக்கும். அடுத்த முறை அது நாவில் எழும்போது, நம்முள் எந்த விளக்கை அணைக்கப் பார்க்கிறோம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்வோம்.